விரிப்பின் மறுமுனை

ஊழியம் செய்யப் போன நாட்டில் மிஷனெரியம்மாவுக்கு முதலில் கைவந்த வேலை பெட்ஷீட் மடிப்பதுதான்.

வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் கடல் தாண்டி வந்து தனியாகக் கிடக்கிற தமிழ் ஆட்களுக்கு ஒரு சபை வேண்டும் என்றுதான் அவளும் அவள் புருஷன் பாஸ்டரும் அங்கே போனார்கள். சபை கூடும் அறை ஒரு லாண்டரிக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே மெஷின் சுற்றினால் மேலே பெஞ்சு நடுங்கும். "கீழே துணிய வெளுக்கிறாங்க, மேலே நாம ஆத்துமாவ வெளுக்கிறோம். மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே தொழில்" என்பார் பாஸ்டர். புதிதாக யார் வந்தாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டார். மிஷனெரியம்மாவும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போலச் சிரித்து வைப்பாள்.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம், ஞாயிறு ஆராதனை. மற்ற நாட்களில் ஆட்கள் எல்லாம் வேலைக்குப் போய்விடுவார்கள். அவள் சும்மா இருக்க முடியாமல் கீழே இறங்கிப் போவாள். லாண்டரிக்காரி அந்த நாட்டுக்காரி. புருஷன் போய்ச் சேர்ந்தபின் ஒண்டியாகக் கடையை நடத்துகிறவள். அவளுக்கு வலது தோள் மேலே எழும்பாது. பெரிய விரிப்புகளை டிரையரிலிருந்து எடுத்த சூட்டோடு மடித்துவிட வேண்டும். ஆறிவிட்டால் சுருக்கம் போகாது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து, ஒருத்தி தன் முனைகளை மற்றவள் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து மடிப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி பின்னால் போக வேண்டும். மிஷனெரியம்மா அந்த நாட்டு பாஷையை அரைகுறையாகப் பேசிக்கொண்டே அதைக் கற்றுக்கொண்டாள்.

அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. ஊரில் விரிப்பு மடிக்கும்போதெல்லாம் அவள் மகள் அதற்கு அடியில் புகுந்துகொண்டு, "கூடாரம், கூடாரம், இறக்காதீங்க" என்று கத்துவாள். அவளைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருக்கும்போதே பாஸ்டரின் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தாயிற்று. இப்போது அவள் வேலைக்குப் போகிற பெண். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். மகள் அத்தையை "நீ" என்பாள், அம்மாவை "நீங்க" என்பாள். விருந்தாளியிடம் பேசுவது மாதிரி சாப்பிட்டாச்சா, உடம்பு எப்படி இருக்கு என்று கேட்பாள். போனை வைத்தபிறகு மிஷனெரியம்மா கொஞ்ச நேரம் அந்த இருட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

லாண்டரிக்குத் தினமும் காலையில் ஒரு பெண் மூட்டை மூட்டையாக விரிப்புகளைக் கொண்டுவருவாள். தெருக்கோடியில், சன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டிய ஒரு மசாஜ் கடையிலிருந்து. கூடவே ஒரு ஆள் வருவான். வெயிலோ மழையோ, கையில் மடக்கிய குடை இருக்கும். அவன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று சிகரெட் பிடித்தபடி உள்ளே பார்த்துக்கொண்டே இருப்பான். மிஷனெரியம்மா மனசுக்குள் அவனுக்குக் குடைக்காரன் என்று பேர் வைத்தாள். அந்தப் பெண் மெஷினில் துணியைப் போட்டுவிட்டு நின்றபடியே வாய் பிளந்து கொட்டாவி விடுவாள். பத்து ஆள் சேர்ந்து விடவேண்டிய கொட்டாவியை ஒருத்தியே விடுவாள். அவளுக்குக் கொட்டாவி என்று பேர். வயசுப் பிள்ளை ராத்திரியெல்லாம் போன் பார்த்தால் இப்படித்தான் ஆகும் என்று மிஷனெரியம்மா முதலில் நினைத்துக்கொண்டாள். பிறகு ஒருநாள், ஒரு சின்னக் கடைக்கு எதற்கு இத்தனை விரிப்பு என்று யோசித்தாள். யோசித்த அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

லாண்டரிக்காரியிடம் கேட்டால், "துணி வருது, துவைக்கிறேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தப் பெண் எந்த ஊரோ, என்ன பாஷையோ என்று இருந்தவளுக்கு ஒருநாள் தெரிந்துவிட்டது. டிரையருக்குள் கையை விட்ட கொட்டாவி, சூடேறிக் கிடந்த ஒரு ஜிப் விரலில் பட்டதும், "ஸ்ஸ்... அம்மா" என்றாள். நம் வீட்டுப் பிள்ளை சொல்கிற அதே அம்மா. மிஷனெரியம்மா ஓடிப்போய், "காட்டு கண்ணு, பாக்கலாம்" என்றாள். கொட்டாவி சட்டென்று கையை இழுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். குடைக்காரன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். சொந்த பாஷைக்காரர்களோடு அவள் வாய் அசைந்தாலே அவனுக்கு ஆகாது என்று பின்னால் தெரிந்தது.

மறுநாளிலிருந்து மிஷனெரியம்மா அவளோடு சேர்ந்து விரிப்பு மடிக்க ஆரம்பித்தாள். லாண்டரிக்காரியின் தோள்வலி எல்லாருக்கும் தெரிந்ததுதான், குடைக்காரன் ஒன்றும் சொல்லவில்லை. விரிப்பை உயர்த்திப் பிடித்து உதறும்போது இரண்டு பேர் முகமும் மறையும். முனையோடு முனை சேரும்போது மூச்சுப்படுகிற தூரத்தில் நிற்பார்கள். அதற்குள் ஒரு பேச்சு. பிறகு பின்னால் போய்விட வேண்டும். அடுத்த பேச்சு அடுத்த மடிப்பில். ஒரு மனுஷி கதையை இப்படித் துண்டு துண்டாகக் கேட்டு வாங்க எத்தனையோ காலை ஆனது.

முதல் மடிப்பில் மிஷனெரியம்மா சொன்னது, "உனக்காக ஜெபிக்கிறேன் கண்ணு" என்பதுதான்.

அடுத்த மடிப்பில் பதில் வந்தது. "வேணாம்மா. என்னை இங்க அனுப்பி வச்சதே ஒரு ஜெபத்துலதான்."

அவளும் சபைக்குப் போய் வந்தவள்தான். வெளிநாட்டில் தையல் வேலை என்று சொன்ன ஏஜெண்டு அவர்கள் சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடுகிறவன். கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமை அவள் பாஸ்போர்ட்டை மேடையில் வைத்து, சபை மொத்தமும் கை நீட்டி ஜெபித்திருக்கிறார்கள். அந்தப் பாஸ்போர்ட்டைத்தான் வந்து இறங்கிய அன்றைக்கே வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததை அவள் சொல்லவில்லை, மிஷனெரியம்மாவும் கேட்கவில்லை. விரிப்புதான் சொல்லிக்கொண்டிருந்ததே.

ஒரு மகன் இருந்தான் அவளுக்கு. அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். அவனைப் பற்றிப் பேசும்போது மட்டும் கொட்டாவி வராது.

"நான் வரும்போது அவனுக்குப் பேச்சே வரலம்மா. தா, தான்னு மட்டும் சொல்லுவான். இப்ப நல்லா பேசுவான்ல?" என்று கேட்டாள் ஒருநாள். பின்னால் போய், மறுபடி நெருங்கி வந்தபோது, "அவன் குரல் எப்படி இருக்கும்னு நினைச்சு நினைச்சுப் பாக்கிறேன். வரவே மாட்டேங்குது" என்றாள்.

அடுத்த மடிப்பில் மிஷனெரியம்மா அந்தக் கைகளை ஒரு கணம் கூடுதலாகப் பிடித்துக்கொண்டாள்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. பஸ் ஏறிப் போய், இப்படிப்பட்ட பெண்களை மீட்டு வைத்துக்கொள்கிற ஒரு காப்பகத்தைத் தேடிப் பிடித்தாள். அதை நடத்துகிற அம்மாள் அந்த நாட்டுக்காரி, குண்டான, முகத்தில் சிரிப்பே வராத பெண்மணி. தெருப் போலீசுக்குப் போகாதீர்கள், அந்தக் கடைக்கு வந்து போகிறவர்களே அங்கே இருக்கிறார்கள் என்றாள். அந்தப் பெண்ணை எப்படியாவது காப்பகத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் மேலிடத்துப் போலீசை வைத்து மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். லாண்டரிக்குப் பின்வாசல் ஒன்று உண்டு, குப்பைத்தொட்டி வைத்த சந்தில் போய்த் திறக்கும். வருகிற திங்கட்கிழமை காப்பகத்து வண்டி அந்தச் சந்தில் நிற்கும். குடைக்காரன் அடுத்த கடைக்கு டீ வாங்கப் போகிற நேரம் பார்த்து அவள் பின்னால் நடந்துவிட வேண்டும். இவ்வளவுதான் ஏற்பாடு.

கொட்டாவி கேட்டுக்கொண்டாள். கடைசி மடிப்பில், "வரேன்மா. ஆனா யாருகிட்டயும் சொல்லாதீங்க. எனக்காகச் சத்தமா ஜெபிக்கவும் வேணாம். சத்தமா வேண்டாம்மா" என்றாள்.

"சரி கண்ணு" என்றாள் மிஷனெரியம்மா. மனசாரத்தான் சொன்னாள்.

நடுவில் வெள்ளிக்கிழமை வந்தது.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம். பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து ஜெபக் குறிப்பு சொல்ல வேண்டும். ஒருவர் மகனுக்குப் பரீட்சை, ஒருவருக்கு முதலாளி லீவு தரவேண்டும், இன்னொருவருக்கு இடுப்பு வலி. மறைக்கிறதுக்கு ஒன்றுமில்லாத ஜனங்கள். மிஷனெரியம்மா சின்ன வயதிலிருந்து அப்படியே வளர்ந்தவள். ஒரு பாரத்தை சபையில் இறக்காமல் வைத்திருப்பது என்றால், வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு விழுங்காமல் இருப்பது மாதிரி அவளுக்கு. பாஸ்டர் கடைசியாக, "ஏம்மா, உனக்கு ஏதாவது?" என்று கேட்டபோது அவள் தன்னை அறியாமல் எழுந்துவிட்டாள்.

"ஒரு மகள். பேர் சொல்ல முடியாது. நம்ம கட்டடத்துக்குக் கீழேயேதான் தினம் வந்து போறா. சீக்கிரம் அவளுக்கு விடுதலை கிடைக்கணும்" என்றாள். ஊர் சொல்லவில்லை, நாள் சொல்லவில்லை. ஆண்டவரிடம் சொல்வது ஒருவரிடம் சொல்வதாகுமா என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். எல்லாரும் முழங்கால் போட்டு, கண்ணீர் விட்டு, வாய்விட்டு ஜெபித்தார்கள். அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள்.

திங்கட்கிழமை மூட்டையோடு வேறொரு பெண் வந்தாள். குட்டையானவள், புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, தமிழ் இல்லை. குடைக்காரன் வெளியே நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து மெஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். சந்தில் காப்பகத்து வண்டி நின்று நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மத்தியானம் சபைக்கு வருகிற சமையல்காரர் மாடிப்படியில் எதிர்ப்பட்டார். தங்கமான மனுஷன். அந்தத் தெருக் கடைகளுக்கெல்லாம் அவர் வேலை செய்யும் ஓட்டலிலிருந்துதான் சாப்பாடு போகும். முகமெல்லாம் சிரிப்பாக, "அம்மா, சனிக்கிழமை அந்த மசாஜ் கடையில சாப்பாடு குடுக்கப் போனேன். எப்பவும் குடை வச்சிருப்பாரே, அவர்கிட்டயே சாட்சி சொல்லிட்டேன். லாண்டரிக்கு வர்ற உங்க பொண்ணு விடுதலைக்காக எங்க சபையே முழங்கால்ல நிக்குதுங்க, நீங்களும் மனம் திரும்புங்கன்னு. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல அவரு, கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்றார்.

மிஷனெரியம்மா அவரைத் திட்டவில்லை. திட்டவேண்டிய ஆள் அவர் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"நல்லதுங்க தம்பி. போய்ட்டு வாங்க" என்றாள்.

பாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஜோக்கடிக்கவில்லை. ரொம்ப நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்துவிட்டு, "சபையில விசேஷமா ஒரு உபவாச ஜெபம் வைக்கலாமா?" என்று கேட்டார். அவள் பார்த்த பார்வையில் மறுபடி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளிடம் போனில் வழக்கம்போலப் பேச முடியவில்லை. மகள் துருவிக் கேட்டதும், ஒரு பெண்ணை வேறெங்கோ கொண்டுபோய்விட்டார்கள், அது தன்னால்தான் என்று சொல்லி அழுதுவிட்டாள். மகள் சமாதானம் சொல்லவில்லை.

"எனக்கு டைபாய்டு வந்தப்பவும் உங்க சபையே முழங்கால்ல நின்னுச்சு மம்மி" என்றாள். "அத்தை சொன்னா. நல்ல விஷயம்தான். ஆனா நான் கதவையே பாத்துட்டுப் படுத்திருந்தேன். நீங்க வருவீங்கன்னு."

கோபமாகச் சொல்லவில்லை. எப்போதோ ஆறிப்போன விஷயத்தைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். மிஷனெரியம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

அதன்பிறகும் அவள் தினமும் கீழே போனாள். ஒருநாளாவது கதவைத் திறந்துகொண்டு அந்தக் கொட்டாவி வருமா என்று பார்ப்பாள். தழும்புக்காரியோடு விரிப்பு மடிப்பாள், குடைக்காரன் கண்முன்னாலேயே, வாயே திறக்காமல். அந்தப் பெண்ணும் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். மிஷனெரியம்மாவின் கை மட்டும் தானாக முனைகளை நீட்டும், வாங்கும், நீட்டும். யாருடைய கையையோ எதிர்பார்த்து நீட்டுகிற மாதிரியே இருக்கும்.

குளிர் வந்து போயிற்று. குடைக்காரனுக்கும் அலுத்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து போனில் படம் பார்க்க ஆரம்பித்தான்.

அப்படி ஒரு காலையில், முனையும் முனையும் சேர்ந்த நேரத்தில், தழும்புக்காரி உதடு அசையாமல் ஏதோ முணுமுணுத்தாள். மிஷனெரியம்மாவுக்குப் புரியவில்லை. அடுத்த மடிப்பில் மறுபடி சொன்னாள். உடைந்த உச்சரிப்பு, பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பிப்பது மாதிரி.

"சத்தமா வேண்டாம்மா."

அந்த வார்த்தைக்கு அவளுக்கு அர்த்தம்கூடத் தெரிந்திருக்காது. எங்கோ ஒரு பூட்டிய அறையில், கொண்டுபோவதற்கு முன்னால், கொட்டாவி இவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். லாண்டரியில் ஒரு அம்மா இருக்கிறாள், அவளிடம் இதைச் சொல் என்று. அவ்வளவு நடந்தபிறகும் சொல்லியிருக்கிறாள். மிஷனெரியம்மாவின் கையிலிருந்த விரிப்பு நழுவி விழுந்தது. குடைக்காரன் தலைதூக்கினான். அவள் குனிந்து எடுத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வயசாயிற்று என்பது போல அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

இந்தத் தடவை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. பாஸ்டரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஜெபக் குறிப்பு கேட்டபோது, "ஒண்ணும் இல்லைங்க" என்று உட்கார்ந்தே சொன்னாள். காப்பகத்து அம்மாளிடம் மட்டும் நேரில் போய்ப் பேசினாள். தழும்புக்காரியிடம் பேச பாஷை இல்லை. பின்வாசலைக் கண்ணால் காட்டினாள், அவளும் கண்ணால் சரி என்றாள். லாண்டரிக்காரியிடம், அந்தக் கதவின் தாழ்ப்பாளைக் காலையில் திறந்து வைக்க முடியுமா என்று மட்டும் கேட்டாள். லாண்டரிக்காரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி வருகிற காலையில் தாழ்ப்பாள் திறந்திருந்தது.

குடைக்காரன் நாற்காலியை விட்டு நகரவில்லை. டிரையர் நின்றது. தழும்புக்காரி ஒரு பெரிய விரிப்பை எடுக்கப் போனாள். அப்போது லாண்டரிக்காரி, அத்தனை காலம் எனக்கு எதுவும் தெரியாது என்று இருந்தவள், தோளைப் பிடித்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

"இவ்வளவு பெரிய ஆம்பளை, பொம்பளைங்க கஷ்டப்படுறத உக்காந்து பாத்துட்டே இருக்கியே. இவ போய் அந்த மெஷின்ல இருக்கிறத எடுக்கட்டும். நீ இந்த முனையைப் பிடி, கை ஒண்ணும் தேஞ்சு போயிடாது" என்றாள்.

அவன் சிரித்தான். என்ன தோன்றியதோ, எழுந்தான். மிஷனெரியம்மா அவன் கையிலிருந்த குடையை மரியாதையாக வாங்கி நாற்காலியில் சாத்திவிட்டு, விரிப்பின் இரண்டு முனைகளை அவன் கையில் வைத்தாள். பின்னால் போய் உயரத் தூக்கினாள். வெள்ளைத் துணி இரண்டு பேருக்கும் நடுவில் சுவர் மாதிரி எழுந்தது. அவளுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் பின்வாசலைப் பார்த்துப் போனது.

அவன் முனைகளைக் கொண்டுவந்து கொடுத்தான். கொட்டாவி நின்ற தூரத்தில் அவன் முகம். சிகரெட் வாடை. கன்னத்தில் பரு வந்து காய்ந்த குழிகள். அவள் அவனை வெறுக்கத்தான் நினைத்தாள். ஆனால் மனசு முழுக்க, நீ அவளை எங்கேடா கொண்டுபோய் வைத்திருக்கிறாய் என்ற ஒரே கேள்விதான் இருந்தது. கேட்கவில்லை. "இன்னொரு தடவை, சுருக்கம் போகல" என்று அரைகுறை பாஷையில் சொல்லி மறுபடி உதறினாள். பின்னால் போனாள், வந்தாள். லாண்டரிக்காரி இன்னொரு விரிப்பை நீட்டினாள். சந்தில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும்வரை அந்த மனுஷனை அவர்கள் விடவில்லை.

பிறகு நடந்தது தெருவுக்கே தெரியும். தழும்புக்காரி எல்லாவற்றையும் சொன்னாள், மேலிடத்துப் போலீஸ் வந்தது, கறுப்புக் காகிதம் ஒட்டிய கடையும் வேறொரு நகரத்தில் அதே ஆட்கள் வைத்திருந்த வீடும் சீல் வைக்கப்பட்டன. குடைக்காரனைக் கூட்டிப் போனபோது குடை லாண்டரியிலேயே கிடந்தது.

வேறு நகரத்து வீட்டு விஷயம் காதுக்கு எட்டியதும் மிஷனெரியம்மா காப்பகத்துக்கு ஓடினாள். அந்த இன்னொரு வீட்டில் நம் பெண் இருந்தாளா என்று கேட்டாள். அங்கே இருந்தவர்களை அவரவர் நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பேர் விவரம் சொல்ல அனுமதி இல்லை என்றாள் அந்த அம்மாள். பேர் தனக்கும் தெரியாது, கொட்டாவி விட்டுக்கொண்டே இருப்பாள், அப்படி ஒரு பெண்ணைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். சிரிக்காத அந்த முகம் கொஞ்சம் இளகியது.

"அந்த வீட்டுல இருந்து வந்த எல்லாருமே அப்படித்தாம்மா. வந்த அன்னைக்கு விழுந்து தூங்குனவங்க, மறுநாள் சாயங்காலம்தான் எழுந்தாங்க."

அதோடு முடிந்தது. கொட்டாவி ஊர் போய்ச் சேர்ந்தாளா, அந்தக் கூட்டத்தில் அவள் இருந்தாளா, அதற்கு முன்னாலேயே வேறெங்காவது தள்ளிவிட்டார்களா, எதுவும் தெரியாது. ஒரு தடவை மடிப்பு நேரத்தில் மிஷனெரியம்மா தன் போன் நம்பரை அவளுக்குச் சொல்லியிருந்தாள். அவள் அதை ஞாபகம் வைத்திருக்கலாம். அப்போதிருந்து தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் மிஷனெரியம்மா எங்கே இருந்தாலும் எழுந்து மாடிப்படிக்கு ஓடிவிடுவாள். "ஹலோ" என்பதையே காற்று மாதிரிதான் சொல்வாள். எதிர்ப்பக்கம் லோன் வேண்டுமா என்று கேட்பார்கள், ராங் நம்பர் என்பார்கள். அந்தப் பக்கம் ஒரு சின்னப் பையன் குரல் கேட்கிறதா என்று காதை வைத்துக்கொண்டே நின்றுவிட்டுப் பிறகுதான் வைப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜெபக்கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது அப்படி ஒரு நம்பர் வந்தது. சமையல்காரர் ஜெபித்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து ஓடினாள்.

"ஹலோ... கண்ணு?"

"மம்மி, நான்தான். புது சிம் போட்டிருக்கேன். ஏன் இப்படிக் கிசுகிசுன்னு பேசுறீங்க? யாருன்னு நினைச்சீங்க?"

மிஷனெரியம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். கீழே டிரையர் சுற்றிக்கொண்டிருந்தது, படி லேசாக நடுங்கியது. யாரென்று நினைத்தேன் என்று அவள் சொல்லவில்லை. மகள் கூப்பிட்டிருக்கிறாளே என்ற சந்தோஷமும், கொட்டாவி இல்லையே என்ற ஏமாற்றமும் ஒரே நேரத்தில் வந்தன.

"ஏண்டா, நான் அங்க வரட்டுமா?" என்று கேட்டாள். "கொஞ்ச நாள் உன்கூட இருக்கிறேன்."

மகள் கேட்டாள்.

"நிஜமாவா? ஜெபிச்சிட்டுச் சொல்றேன்னு சொல்லமாட்டியே?"

"இல்ல. டிக்கெட் போட்டுட்டுச் சொல்றேன்."

"வா மம்மி" என்றாள் மகள். கொஞ்சம் மூக்கை உறிஞ்சினாள். "ஆனா நிறைய எதிர்பாக்காத. எனக்கு உன்கூட இருந்து பழக்கமில்ல."

"எனக்கும்தான்" என்றாள் மிஷனெரியம்மா.

மேலே ஜெபம் முடிந்து பாட்டு தொடங்கியது. அவள் மேலே போகாமல் கீழே இறங்கிப் போனாள். லாண்டரிக்காரி ஒரு பெரிய விரிப்போடு ஒற்றைக் கையால் மல்லாடிக்கொண்டிருந்தாள். மிஷனெரியம்மா போனைச் சத்தம் கூட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். ஊருக்குப் போனாலும் இந்த நம்பரை மாற்றக்கூடாது என்று நினைத்துக்கொண்டே, விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள்.